தொழுகைக்கூடக் கல்வெட்டில் தொழுகை எங்கே? – பண்டைய யூதர்களின் கூட்டு வழிபாடு குறித்து

ஏட்டுக்காரன் எழுதியது:

எருசலேமின் ஓபேல் சரிவில் 1913இல் நடந்த அகழ்வாய்வின்போது, பழைய நீர்த்தொட்டி ஒன்றுக்குள்ளிருந்து கிரேக்க எழுத்துப் பொறித்த கல் ஒன்று கிடைத்தது. பத்தே வரிகள். வெத்தேனோஸின் மகன் தியோதோத்தோஸ் அதில் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். தாம் ஒரு குரு, தொழுகைக்கூடத் தலைவர். தந்தையும் அப்பதவியில் இருந்தவர், பாட்டனாரும் இருந்தவர். அந்தக் கூடத்தைக் கட்டியது எதற்கு என்பதையும் சொல்லிவிடுகிறார்: திருச்சட்டத்தை வாசிக்க, கட்டளைகளைக் கற்பிக்க. கூடவே, வெளியூரிலிருந்து வந்து தங்க இடமில்லாமல் தவிப்போருக்கு விடுதி, அறைகள், தண்ணீர் வசதி. கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் கோவிலை இடிப்பதற்கு முந்தைய கல் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

தண்ணீரைப் பற்றிச் சொன்னவர் தொழுகையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

வழக்கமாக நமக்குச் சொல்லப்படும் கதை எளிமையானது. கோவில் இருந்தவரை பலி. கோவில் போனதும் அந்த இடத்தில் தொழுகை வந்து உட்கார்ந்தது. எனக்கு இந்தக் கதையில் நம்பிக்கை இல்லை. 70க்கு முன்பே யூதர்கள் தொழுதார்கள், நன்றாகவே தொழுதார்கள். பின்னால் புதிதாக வந்தது ஒரு கடமை. ‘ஒவ்வொருவரும், இன்ன நேரத்தில், இன்ன பொருளில், முடிந்தால் பத்துப் பேரோடு’ என்ற கடமை. அது வந்த பிறகுதான் யார் உள்ளே, யார் வெளியே என்பதைத் தொழுகையை வைத்தே தீர்மானிக்க முடிந்தது.

தொழுகை அந்த மக்களைச் சேர்த்துவைத்ததா, பிரித்துவைத்ததா? விவரம் தெரிந்தவர்கள் வாருங்கள். பக்திப் பிரசங்கம் வேண்டாம், சான்றோடு பேசுங்கள்.

---

நெய்தல் எழுதியது:

எருசலேமிலேயே நின்றுகொண்டு பார்த்தால் அப்படித்தான் தெரியும். தெற்கே எகிப்துக்கு வாருங்கள். மூன்றாம் தாலமி அரசனின் காலத்து (கி.மு. 246–221) யூதக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று அலெக்சாந்திரியாவுக்கு அருகிலுள்ள ஸ்கெடியாவில், மற்றொன்று ஃபையூம் பகுதியில். இரண்டுமே தங்கள் கட்டடத்தைத் தொழுகை இல்லம் என்றுதான் குறிப்பிடுகின்றன. கோவில் இடிவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய சங்கதி. ஸ்கெடியாக் கல்லின் வாசகத்தைக் கவனியுங்கள்: ‘அரசர் தாலமிக்காகவும் அரசி பெரெனிக்கேக்காகவும் அவர்கள் பிள்ளைகளுக்காகவும் யூதர்கள் இந்தத் தொழுகை இல்லத்தை.’ அண்டை வீட்டார் அரசனுக்கே கோவில் கட்டிக்கொண்டிருந்த நாட்டில், இவர்கள் அரசன் நலத்துக்காகக் கட்டினார்கள், அரசனுக்குக் கட்டவில்லை. விசுவாசத்தையும் காட்டியாயிற்று, வேறு ஆட்கள் என்பதையும் சொல்லியாயிற்று.

கோவிலை விட்டுத் தூரத்தில் இருந்தவர்களுக்கு 70 வரை காத்திருக்கத் தேவையே இல்லை.

கி.பி. 38இல் அலெக்சாந்திரியாவில் நடந்ததை யூத மெய்யியலாளர் ஃபைலோ எழுதிவைத்திருக்கிறார். அவர் அந்த ஊர்க்காரர், அந்த ஆண்டில் அங்கேயே இருந்தவர். கும்பல் தொழுகை இல்லங்களுக்குள் புகுந்து பேரரசன் கலிகுலாவின் படங்களை வைத்தது, சிலவற்றை இடித்தது. வேடிக்கை பார்த்த ஆளுநர் ஃபிளாக்கஸ் பின்னர் கைதானார். அந்தச் செய்தி கிடைத்த இரவு முழுவதும் யூதர்கள் வானத்தை நோக்கிக் கையை உயர்த்திப் பாடிக்கொண்டிருந்தார்கள். விடிந்ததும் நகர வாயில்கள் வழியாகக் கடற்கரைக்குப் போனார்கள். தொழுகை இல்லங்கள் பறிபோய்விட்டதால் வெட்டவெளியில் நின்று ஒரே குரலில் கூவினார்கள் என்கிறார் ஃபைலோ. கூடாரப் பண்டிகைக் காலம் அது. ஆனால் அந்த ஆண்டு யாரும் பண்டிகை கொண்டாடவில்லை.

கட்டடத்தைப் பறித்தவுடன் ஒன்றாகப் போய் நிற்க வேறு இடம் தேடும் மக்களிடம், தொழுகைதான் அவர்களைச் சேர்த்துவைத்தது என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

---

செங்கல் எழுதியது:

நெருக்கடியில் எல்லா மக்களும்தான் கூடுகிறார்கள். எகிப்தின் எலெஃபாந்தினேத் தீவில் யூதப் படைவீரர்களின் குடியிருப்பு ஒன்று இருந்தது. அங்கே யாஹூ தெய்வத்துக்கு அவர்கள் கட்டியிருந்த கோவிலை கி.மு. 410இல் க்னூம் தெய்வத்தின் குருக்கள் பாரசீக அதிகாரியின் துணையோடு இடித்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து யூதேயாவின் ஆளுநருக்கு எழுதிய விண்ணப்பம் அப்படியே கிடைத்திருக்கிறது. அன்று முதல் சாக்குடை உடுத்துகிறோம், உண்ணா நோன்பு இருக்கிறோம், தொழுகிறோம். எங்கள் மனைவியர் கைம்பெண்களைப் போல இருக்கிறார்கள். எண்ணெய் பூசுவதில்லை, திராட்சரசம் குடிப்பதில்லை என்று வரிசையாகச் சொல்கிறார்கள். அதே மூச்சில் அவர்கள் கேட்பது என்ன? கோவிலைத் திரும்பக் கட்ட அனுமதி. பலி செலுத்த அனுமதி. தொழுகை இருக்கிறதே, அது போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

நான் கட்டட ஆள். காம்லாவைப் பாருங்கள். ரோமர்கள் கி.பி. 67இல் அழித்த ஊர் அது. அதற்குப் பிறகு அங்கே யாரும் வீடு கட்டாததால் இருந்தபடியே கிடைத்தது. கூடத்தின் நான்கு சுவர் ஓரமும் படிப்படியாகக் கல் இருக்கைகள். உட்கார்ந்தவர்களின் முகம் நடுத்தளத்தை நோக்கி, அதாவது ஒருவரையொருவர் பார்த்தபடி. எருசலேமை நோக்கிய மாடம் இல்லை, தோராவை (திருச்சட்டச் சுருளை) வைக்கும் பேழைக்கென்று கட்டிய நிலையான இடம் இல்லை. 2009இல் மக்தலாவில் கிடைத்த கூடத்திலும் சுவரோர இருக்கைகள்தான். நடுவே விளக்குத்தண்டு செதுக்கிய கல் ஒன்று கிடந்தது. இந்த அமைப்பு வாசிப்பதைக் கேட்க, வழக்குப் பேச, ஊர்ப் பஞ்சாயத்து நடத்தப் பொருத்தமானது. பிற்காலக் கூடங்களில்தான் எல்லா முகங்களும் எருசலேம் பக்கம் திரும்புகின்றன, அந்தச் சுவரில் பேழைக்கு இடம் அமைகிறது.

தியோதோத்தோஸ் தொழுகையைச் சொல்ல மறந்துவிடவில்லை. அவர் கட்டியது அதற்காக அல்ல.

---

நெய்தல் எழுதியது:

செங்கல் அவர்களே, இருக்கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை வைத்து, உட்கார்ந்தவர்கள் எழுந்து நின்று என்ன சொன்னார்கள் என்று முடிவு கட்டுகிறீர்கள். தானியேல் தன் வீட்டு மேல்மாடியில் எருசலேம் பக்கத்துச் சன்னலைத் திறந்துவைத்து நாளுக்கு மூன்று முறை மண்டியிட்டார் என்று அந்நூல் சொல்கிறது. அந்த நூல் இன்றைய வடிவம் பெற்றது கி.மு. 2ஆம் நூற்றாண்டில் என்பது பெரும்பான்மைக் கருத்து. திசையும் எண்ணிக்கையும் அப்போதே தெரிந்திருந்தன. அதற்குச் சன்னல் போதும், மாடம் வேண்டியதில்லை.

அலெக்சாந்திரியாப் பெருங்கூடத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். யூதச் சட்ட ஆசிரியர்களான ரப்பிகளின் பழைய தொகுப்பு நூலான தொசெஃப்தாவில் வருகிறது. இரட்டை வரிசைத் தூண்கள், எழுபத்தொரு பொன் இருக்கைகள். நடுவில் மரமேடை. கூடம் அவ்வளவு பெரிது. முன்னால் நின்று ஓதுபவரின் குரல் பின்னால் எட்டாது. அதனால் மேடையில் நிற்கும் பணியாளர் ஒவ்வோர் ஆசிமொழி முடிந்ததும் கையிலிருக்கும் துணியை வீசுவார். உடனே மொத்தக் கூட்டமும் ‘ஆமென்’ சொல்லும். மக்கள் கலந்து உட்காரவில்லை. பொற்கொல்லர் ஒரு பக்கம், வெள்ளி வேலை செய்பவர் ஒரு பக்கம், நெசவாளர் ஒரு பக்கம், கொல்லர் ஒரு பக்கம். வெளியூரிலிருந்து வந்தவன் தன் தொழில்காரர்களைக் கண்டு போய் ஒட்டிக்கொண்டால் பிழைப்புக்கு வழி கிடைத்துவிடும்.

தியோதோத்தோஸின் விடுதிக்கும் இதற்கும் என்ன பெரிய வேறுபாடு?

---

செங்கல் எழுதியது:

வேறுபாடு இதுதான்: அந்த விடுதிக்குக் கல் இருக்கிறது. உங்கள் பெருங்கூடத்துக்கு ஒரு செங்கல்கூட இதுவரை கிடைக்கவில்லை. 115–117 கலகத்தில் அலெக்சாந்திரியா யூதக் குடியிருப்பு நாசமான பிறகு, பாலஸ்தீனத்து ரப்பி ஒருவர் பெயரால் வழங்கும் செய்தி அது. இழந்த வீட்டின் அறைகள் நினைவில் பெரிதாகிக்கொண்டேதான் போகும். எழுபத்தொன்று என்பது பெரிய சன்ஹெத்ரின் மன்றத்தின் எண்ணிக்கை. தற்செயலா?

தொழில்வாரியாக உட்கார்ந்ததை மட்டும் நம்புகிறேன். அந்த மாதிரி விவரத்தை யாரும் பெருமைக்காகக் கட்டிச் சொல்வதில்லை.

---

பழஞ்சொல் எழுதியது:

இருவரும் கோவிலையும் கூடத்தையும் எதிரெதிராக நிறுத்தியே பேசுகிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஏற்பாடு இருந்தது. ரப்பிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் தானீத் பகுதி அதை விவரிக்கிறது.

குருக்கள் இருபத்துநான்கு பிரிவு. முறைவைத்து ஒவ்வொரு பிரிவும் ஒரு வாரம் கோவிலில் பணி செய்யும். அன்றாடப் பலி நாடு முழுவதற்கும் பொதுவானது. ‘ஒருவனுடைய பலி செலுத்தப்படும்போது அவன் அருகில் நிற்காமல் இருக்கலாமா?’ என்று மிஷ்னாவே கேட்கிறது. நாடு முழுவதும் போய் நிற்க முடியாது அல்லவா? ஆகவே நாட்டு மக்களையும் இருபத்துநான்காகப் பிரித்தார்கள். ஒரு பிரிவின் முறை வந்ததும் சிலர் எருசலேமுக்குப் போய்ப் பலியருகே நிற்பார்கள். மற்றவர்கள் தங்கள் ஊரிலேயே கூடி, தொடக்கநூலின் படைப்பு வரலாற்றை நாளுக்கு ஒரு பகுதியாக வாசிப்பார்கள். வாரத்தில் நான்கு நாள் நோன்பும் உண்டு. மலைமேல் புகை எழும் அதே நேரத்தில் கலிலேயாவின் ஏதோ ஒரு சிற்றூரில் நெசவுக்காரனும் எண்ணெய்ச் செக்குக்காரனும் ‘ஆதியிலே’ என்று வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

இதை வாசிப்பு என்பீர்களா, தொழுகை என்பீர்களா? அவர்களைக் கேட்டிருந்தால் இந்தக் கேள்வியே புரிந்திருக்காது.

கோவிலுக்குள்ளும் ஓதல் இருந்தது. காலைப் பலிக்கு நடுவே குருக்கள் பத்துக் கட்டளைகளையும், ‘இஸ்ரயேலே, கேள்’ என்று தொடங்கும் ஷெமாவையும் ஓதினார்கள் என்று தாமீத் பகுதி சொல்கிறது. எகிப்தில் வாங்கப்பட்டு இப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் நாஷ் பாப்பிரஸ், ஏறக்குறைய கி.மு. 2ஆம் நூற்றாண்டுத் தாள். அதிலும் பத்துக் கட்டளைகள், அடுத்து ஷெமா. ஆகக் கோவிலிலும் எகிப்திலும் ஒரே வரிசை.

பிறகு அந்த வரிசையிலிருந்து பத்துக் கட்டளைகளை எடுத்துவிட்டார்கள்! காரணம், மிஷ்னாவை விளக்கும் பிற்கால நூலான தால்முத்தில் இருக்கிறது: ‘மினிம்களின் வாதத்தை முன்னிட்டு.’ மினிம் என்றால் கொள்கை பிறழ்ந்தவர்கள். ‘சீனாய் மலையில் மோசேக்குக் கொடுக்கப்பட்டவை இவை மட்டும்தான், மற்றவை அல்ல’ என்று அவர்கள் சொல்லிக்கொண்டு திரிந்தார்களாம். மக்கள் நாள்தோறும் ஓதும் ஓதலில் இருந்தே இவ்வளவு புனிதமான பகுதியை நீக்கத் துணிந்தார்கள் என்றால், அந்த ஓதலில் எவ்வளவு பணயம் வைக்கப்பட்டிருந்தது என்று பாருங்கள்.

---

மெய்யன் எழுதியது:

பழஞ்சொல் ஐயா மினிம்களைத் தொட்டுவிட்டார், எனவே கேட்கிறேன். யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில், பிறவிக் குருடனின் பெற்றோர் வாய் திறக்கப் பயப்படுகிறார்கள். இயேசுவைக் கிறிஸ்து என்று அறிக்கையிடுகிறவனை ஜெப ஆலயத்துக்குப் புறம்பாக்க வேண்டுமென்று யூதர்கள் முடிவு செய்திருந்தார்கள் என்று அங்கே காரணம் சொல்லப்படுகிறது. 70க்குப் பிறகு ரப்பிகள் கூடிய ஊரான யாவ்னேயில், அவர்களின் தலைவர் ரப்பான் கமாலியேல் ‘மினிம்களுக்கு எதிரான ஆசிமொழி’யை, அதாவது அவர்களைச் சபிக்கும் வேண்டுதலைத் தொழுகையில் சேர்த்தது கிறிஸ்தவர்களைத் துரத்தத்தான் என்று எங்கள் வேதபாட வகுப்புகளில் சொல்லிக்கொடுத்தார்கள். 2ஆம் நூற்றாண்டின் நடுவில் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டினும், யூதர்கள் தங்கள் கூடங்களில் கிறிஸ்துவை நம்புவோரைச் சபிக்கிறார்கள் என்று எழுதுகிறார்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுவது நியாயம். டிடாக்கே என்னும் பழைய கிறிஸ்தவ ஒழுங்குநூல் சொல்வதைக் கேளுங்கள்: மாயக்காரர்கள் திங்களும் வியாழனும் உபவாசம் இருக்கிறார்கள், நீங்கள் புதனும் வெள்ளியும் இருங்கள், அவர்களைப் போல ஜெபிக்காதீர்கள், ஆண்டவர் கற்பித்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லுங்கள். நாளை மாற்றினார்கள், சொல்லை மாற்றினார்கள். அந்த ‘மூன்று முறை’யை மட்டும் விட மனம் வரவில்லை.

---

செங்கல் எழுதியது:

மெய்யன், வேதபாட வகுப்பு சொன்னதில் பாதி ஊகம். யாவ்னேயில் சேர்க்கப்பட்டதாக தால்முத் சொல்லும் ஆசிமொழியின் அன்றைய வாசகம் நம் கையில் இல்லை. ‘நொஸ்ரிம்’ என்று கிறிஸ்தவர்களைப் பெயர் சொல்லிக் குறிக்கும் வடிவம் கெய்ரோவின் பழைய தொழுகைக்கூடத்துச் சுவடி அறையிலிருந்து வந்தது. ஆய்வாளர் ஷெக்டர் அதை 1898இல் வெளியிட்டார். அந்த ஏடுகள் இடைக்காலத்தவை. நடுவில் கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டு இடைவெளி. அதைத் தாண்டி யோவானுக்கும் யாவ்னேக்கும் நேராகக் கயிறு கட்டினால் கயிறு தொங்கத்தான் செய்யும். 4ஆம் நூற்றாண்டு வாக்கில் அந்தச் சொல் வழக்கில் இருந்ததற்குக் கிறிஸ்தவ எழுத்தாளர்கள் ஜெரோமும் எபிஃபானியுஸும் சாட்சி; அதற்கு முன்னால் உறுதியாகப் பேச முடியாது.

இன்னொன்று. யாவ்னேயில் நாலு ரப்பிகள் கூடி முடிவெடுத்தால் அடுத்த வாரம் ரோமிலும் சார்திஸிலும் அமலாகிவிடுமா? யார் கொண்டுபோனது? யார் கேட்டது?

---

பழஞ்சொல் எழுதியது:

செங்கல் சொல்வது சரியான எச்சரிக்கை. ஆனாலும் அந்தத் தால்முத் பகுதியை முழுவதும் வாசித்தால் வேறொரு சுவை இருக்கிறது.

யாவ்னேயில் கமாலியேல் முன்னிலையில், அன்றாடத் தொழுகையில் சொல்லும் பதினெட்டு ஆசிமொழிகளை வரிசைப்படுத்தியவர் ஷிமோன் ஹப்பாக்குலி. கமாலியேல் அவையைப் பார்த்து, ‘மினிம்களுக்கு எதிராக ஒன்று அமைக்கத் தெரிந்தவர் உண்டா?’ என்று கேட்டார். சின்ன சாமுவேல் எழுந்து அமைத்துக் கொடுத்தார். அடுத்த ஆண்டு அவரே முன்னால் நின்று ஓதும்போது அந்த இடத்தில் மறந்துபோனார். இரண்டு மூன்று மணி நேரம் யோசித்துக்கொண்டே நின்றாராம். யாரும் அவரை இறக்கவில்லை.

விதிப்படி இறக்கியிருக்க வேண்டும். வேறு எந்த ஆசிமொழியில் தடுமாறினாலும் பரவாயில்லை, இதில் தடுமாறினால் இறக்கிவிடு. அவனே ஒரு மினாக இருக்கலாம் என்பதுதான் விதி. இயற்றியவருக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். நீங்கள் மெய்யனுக்குச் சொன்ன வரலாற்றுச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும். ஒருவன் யார் என்பதை அவன் வாயில் இந்த ஆசிமொழி வருகிறதா என்று பார்த்துச் சோதிக்கலாம் என்ற எண்ணம் அவர்களிடம் இருந்திருக்கிறது. ஏட்டுக்காரன் முதல் பதிவில் சொன்னதும் அதுதான்.

மிஷ்னாவில் இப்படிச் சின்னச் சின்ன வேலிகள் நிறைய. ஓர் இஸ்ரயேலன் ஆசிமொழி சொன்னால் முடிவை மட்டும் கேட்டாலும் ‘ஆமென்’ சொல்லலாம். சமாரியன் சொன்னால் முழுவதும் காதில் விழுந்த பிறகே சொல்ல வேண்டும். ‘நிறமுள்ள உடையில் முன்னால் நின்று ஓதமாட்டேன்’ என்று ஒருவன் அடம்பிடித்தால், வெள்ளை உடையிலும் அவனை ஓத விடக்கூடாது. அடத்தின் பின்னால் ஏதோ ஒரு கட்சி இருக்கிறது என்ற சந்தேகம்.

பத்துப் பேர் என்ற எண்ணிக்கையைத் தால்முத் எங்கிருந்து எடுக்கிறது தெரியுமா? கானான் நாட்டை வேவு பார்க்கப்போன பன்னிருவரில், திரும்பிவந்து மக்களைக் கலங்கடித்த பத்துப் பேரிடமிருந்து! அவர்களை ‘இந்தப் பொல்லாத சபை’ என்று கடவுள் சொல்கிறார். ஆகவே சபை என்றால் பத்து. நல்லவர்கள் கணக்கு ஒன்றும் கிடைக்கவில்லை போலும்.

---

அகல் எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அந்தப் பத்தில் பெண்கள் உண்டா? எலெஃபாந்தினேக் கடிதத்தில் ‘எங்கள் மனைவியர்’ என்று ஒரு வரி வந்ததோடு சரி, அதற்குப் பிறகு இந்த இழையில் ஒரு பெண்ணையும் காணவில்லையே.

---

ஏட்டுக்காரன் எழுதியது:

அகல், நல்ல கேள்வி. மிஷ்னா பெராகோத் 3ஆம் அதிகாரம் இப்படி வகுக்கிறது: பெண்களுக்கும் அடிமைகளுக்கும் சிறுவர்களுக்கும் ஷெமா ஓதும் கடமை இல்லை; தெஃபில்லின் (வேத வசனம் அடங்கிய தோல் பெட்டி) கட்டும் கடமை இல்லை. ஆனால் தொழுகை, கதவுநிலையில் மெசூசா (வேத வசனச் சுருள்) பதிப்பது, உணவுக்குப் பின் நன்றி சொல்வது ஆகிய மூன்றும் அவர்களுக்கும் கடமை. பிற்கால வழக்கில் பத்து என்பது ஆண்களைக் கொண்டே எண்ணப்பட்டது.

கல்வெட்டுகள் வேறு படம் காட்டுகின்றன. சிற்றாசியாவின் ஸ்மிர்னாவில் ரூஃபினா என்ற யூதப் பெண்மணி, தம்மால் விடுதலை பெற்ற அடிமைகளுக்காகக் கல்லறை கட்டிக் கல் நட்டார். தம்மைத் தொழுகைக்கூடத் தலைவர் என்று அதில் குறிக்கிறார். இந்த மாதிரிப் பட்டங்கள் வெறும் மரியாதைக்கு, கணவரின் பதவி ஒட்டிக்கொண்டது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். ரூஃபினாவின் கல்லில் கணவரைப் பற்றிய பேச்சே இல்லை. சிரியாவின் அபமேயாவில் 391ஆம் ஆண்டுக் கூடத்தின் தரைச்சித்திரத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் பெண்கள் பலர் தம் பெயரிலேயே கொடுத்திருக்கிறார்கள்.

ரப்பிகளின் நூலை மட்டும் வைத்துக்கொண்டு சமூகத்தைப் பார்த்தால் ரூஃபினாவைக் காண முடியாது. செங்கல் கேட்ட ‘யார் கேட்டது?’ என்ற கேள்விக்கும் இதுவே ஒரு விடை. ஸ்மிர்னாவில் யாவ்னேயின் பேச்சு எவ்வளவு எட்டியதோ, எட்டவில்லையோ. அங்கே அவர்களுக்கென்று ஒரு கூடமும் ஒரு தலைவியும் இருந்தார்கள்.

---

நெய்தல் எழுதியது:

பிரிவினை பற்றிப் பேசும்போது, கும்ரானில் தனித்து வாழ்ந்த யூதக் குழுவை விட்டுவிட்டோம். சாக்கடல் கரையில் கிடைத்த சுருள்களில் நாள்தோறும் காலையும் மாலையும் சொல்லவேண்டிய தொழுகைகள், வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் தனி வேண்டுதல்கள், ஓய்வுநாட்களில் வானதூதர்களோடு சேர்ந்து பாடும் பாடல்கள் எல்லாம் இருக்கின்றன. கோவில் நின்றுகொண்டிருந்த காலத்திலேயே இவர்கள் ‘உதடுகளின் காணிக்கை’ என்று பேசிவிட்டார்கள். ஆண்டின் இரவுகளில் மூன்றில் ஒரு பங்கு விழித்திருந்து, சேர்ந்து வாசித்து, சேர்ந்து ஆசி சொல்ல வேண்டும் என்பது அவர்கள் ஒழுங்கு. ஆகக் கடமையும் ஒழுங்கும் 70க்குப் பின் வந்தவை என்ற ஏட்டுக்காரனின் கோடு இங்கே அழிகிறது.

இவர்களைத் தனியே பிரித்தது நாட்காட்டி. எருசலேம் நிலவைப் பார்த்து மாதம் எண்ணியது. இவர்கள் 364 நாள் ஆண்டைப் பின்பற்றினார்கள். பண்டிகைகள் ஒரே நாளில் வருவது அரிது. ஹபக்கூக் விளக்கச் சுருளில் ஒரு குற்றச்சாட்டு: ‘தீய குரு’ (எருசலேமின் தலைமைக் குரு என்பர்) தங்கள் ஆசிரியரைத் துரத்திக்கொண்டு, அவர் புகலிருந்த இடத்துக்கே, மிகப் புனிதமான நோன்பு நாளான பாவக்கழுவாய் நாளில் வந்து கலங்கடித்தான். தலைமைக் குரு அந்த நாளில் எருசலேமைவிட்டு எப்படி நகர முடியும்? அவருக்கு அது சாதாரண நாளாக இருந்திருந்தால் மட்டுமே முடியும்.

---

பழஞ்சொல் எழுதியது:

நெய்தல் அக்கா, அற்புதம். இதே காட்சி யாவ்னேயிலும் நடக்கிறது. பிறை தெரிந்ததா என்பதில் கமாலியேலுக்கும் ரப்பி யோசுவாவுக்கும் கருத்து வேறுபாடு. கமாலியேல் ஆணை அனுப்பினார்: ‘உம் கணக்குப்படி பாவக்கழுவாய் நாள் எதுவோ, அந்த நாளில் உம் கைத்தடியோடும் பணப்பையோடும் என்னிடம் வாரும்.’ புனித நாளில் தடியும் பணமும் எடுத்துக்கொண்டு பயணம் போவது விலக்கப்பட்ட செயல். யோசுவா மனம் நொந்தார், ஆனாலும் போனார். கமாலியேல் எழுந்து அவர் தலையில் முத்தமிட்டு, ‘அறிவில் என் ஆசிரியரே, என் சொல்லை ஏற்றதால் என் மாணவரே, வாரும்’ என்றார். கும்ரான்காரர்கள் தனியே போனார்கள். யோசுவா தடியை எடுத்துக்கொண்டு நடந்தார். இருவருக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதான்.

அடுத்த சண்டை தொழுகையைப் பற்றியதே. மாலைத் தொழுகை கடமையா, விருப்பமா? யோசுவா விருப்பம் என்றார். கமாலியேல் கடமை என்றார். கமாலியேல் அவையில் அவரை எழுந்து நிற்கச் சொல்லிவிட்டு, தாம் உட்கார்ந்தபடியே பாடத்தைத் தொடர்ந்தார். யோசுவா நின்றுகொண்டே இருந்தார். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த கூட்டம், பாடத்தை எடுத்துரைத்துக்கொண்டிருந்த ஹூட்ஸ்பித்தைப் பார்த்து ‘நிறுத்து!’ என்று கத்தியது. அன்றே கமாலியேலைப் பதவியிலிருந்து இறக்கி, எலெயாசர் பென் அசரியாவை அமர்த்தினார்கள்.

பின்னர் மன்னிப்புக் கேட்க யோசுவாவின் வீட்டுக்குப் போனார் கமாலியேல். வீட்டுச் சுவரெல்லாம் கரி. ‘சுவரைப் பார்த்தால் நீர் கரி வேலை செய்பவர் என்று தெரிகிறதே’ என்றார். யோசுவாவின் பதில் சுருக்கென்று இருக்கும்: ‘உம்மைத் தலைவராகக் கொண்ட தலைமுறைக்கு ஐயோ! அறிஞர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்பதுகூட உமக்குத் தெரியவில்லை.’

எல்லோரும் மூன்று வேளை தொழவேண்டும் என்று விதிக்கும் ஒருவர், அந்த ‘எல்லோரும்’ எப்படி வாழ்கிறார்கள் என்று அதுவரை எட்டிப் பார்த்ததில்லை. தால்முத் தன் சொந்தத் தலைவரைப் பற்றியே இதைப் பதிந்துவைத்திருக்கிறது. எனக்கு அந்த நூல்மேல் மதிப்புக் கூடிய இடம் இது.

---

மெய்யன் எழுதியது:

எந்த மொழியில் தொழுதார்கள்? எபிரேயம் தெரியாதவன் வெளியாளா?

---

ஏட்டுக்காரன் எழுதியது:

ஷெமாவையும் தொழுகையையும் உணவுக்குப் பின் சொல்லும் நன்றியையும் எந்த மொழியிலும் சொல்லலாம் என்பது மிஷ்னா. சட்டத்தில் அப்படி இருந்தாலும் நடைமுறையில் முகம் சுளித்தவர்கள் உண்டு. செசரியாவுக்குப் போன ரப்பி லேவி பார் ஹைதா, அங்கே கிரேக்கத்தில் ஷெமா ஓதுவதைக் கேட்டுத் தடுக்கப் பார்த்தார். ரப்பி யோசே சினந்தார்: எபிரேய எழுத்து வாசிக்கத் தெரியாதவன் ஓதவே கூடாதா? தெரிந்த மொழியில் ஓதிக் கடமையை முடிக்கட்டும் என்றார். எருசலேம் தால்முத்தில் இருக்கிறது.

மறுபக்கம் தூரா யூரோப்போஸ். யூப்ரட்டீஸ் ஆற்றங்கரைப் படைநகரம். 244–245இல் புதுப்பித்து, சுவர் முழுதும் வேதாகமக் காட்சிகளைத் தீட்டிய கூடம் 1932இல் வெளிப்பட்டது. அங்குள்ள எழுத்துகள் அரமேயம், கிரேக்கம், பாரசீகம் என்று கலந்துகிடக்கின்றன. ஆனால் அங்கே கிடைத்த தோல் துணுக்கில் இருந்த வேண்டுதல் எபிரேயத்தில் இருக்கிறது. பேச்சும் கணக்கும் வேறு மொழிகளில் நடந்த ஊரில், தொழுகைக்கு மட்டும் அதைக் காப்பாற்றி வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். செசரியாவும் தூராவும் ஒரே மக்கள்தான்.

நெய்தல், கும்ரானைப் பற்றி: அவர்கள் சேர விரும்பியவர்களைச் சோதித்துச் சேர்த்துக்கொண்ட குழு. அந்த ஒழுங்கு உறுப்பினருக்கு மட்டும். கரி வேலை செய்பவன் உட்பட ஊரில் பிறந்த ஒவ்வொருவனுக்கும் கடமை என்பது வேறு. ஆகவே 70 என்ற என் கோடு அழியவில்லை. ஆய்வாளர்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை இல்லை. ஹைன்மான், மக்கள் வாயில் பல வடிவங்களாக வளர்ந்ததைத்தான் ரப்பிகள் பின்னர் ஒழுங்குபடுத்தினார்கள் என்றார். ஃபிளைஷர், யாவ்னேயில்தான் கட்டாயப் பொதுத் தொழுகை புதிதாக உருவானது என்றார். நான் கடமையில் ஃபிளைஷர் பக்கம்; சொற்களில் ஹைன்மான் பக்கம்.

---

செங்கல் எழுதியது:

இரண்டு படகிலும் கால். சரி, போகட்டும். நான் காம்லாவிலேயே இருக்கிறேன்.

---

அகல் எழுதியது:

கடைசியாக ஒன்று. பத்துப் பேரும் இல்லை, கூடமும் இல்லை, தனியே பயணம் போகிறவன் என்ன செய்வான்? அவனுக்கு இந்தச் சமூகக் கணக்கெல்லாம் பொருந்துமா?

---

பழஞ்சொல் எழுதியது:

பொருந்தும். கழுதைமேல் போகிறவன் இறங்கித் தொழவேண்டும் என்கிறது மிஷ்னா. இறங்க முடியாவிட்டால் முகத்தையாவது எருசலேம் பக்கம் திருப்பவேண்டும். அதுவும் முடியாவிட்டால் திருத்தூயகத்தை நோக்கி மனத்தைத் திருப்பினால் போதும். ஆபத்தான வழியில் போகிறவன் பதினெட்டையும் சொல்லவேண்டாம், சுருக்கமாக ஒன்று சொன்னால் போதும் என்று வழிவிட்டவர் அதே கரிச்சுவர் யோசுவாதான். கள்வரோ விலங்கோ எதிர்ப்படலாம் என்ற இடத்தில் நிற்பவனுக்கு அவர் கற்றுக்கொடுத்த வேண்டுதல் இப்படித் தொடங்குகிறது: ‘ஆண்டவரே, உம் மக்களை, இஸ்ரயேலில் எஞ்சியோரைக் காப்பாற்றும்.’ ‘என்னைக் காப்பாற்றும்’ என்று அதில் இல்லை.

சில தலைமுறைகள் கழித்துப் பாபிலோனில் அபாயே என்ற அறிஞரும் இதையே விதியாக்கினார். வழிப்போக்கன் தன்னந்தனியாகப் போனாலும் ‘எங்களை நலமாக நடத்திச் செல்லும்’ என்றுதான் வேண்டவேண்டும் என்றார்.